வாசகர் கேள்வி–பதில்: கருவுறுதல் எப்படி நிகழ்கிறது?

செடிகளிலும் விலங்குகளிலும் கருவுறுதல் நிகழும் விதம் குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒரே பொருளைத் தொட்டுக் கேட்கப்பட்டவற்றை ஒன்றாக்கி, அவற்றுக்கான விடைகளை இங்கே தருகிறோம்.

கேள்வி: பூச்சி வந்து மகரந்தத்தைச் சேர்த்துவிட்டாலே பூ கருவுற்றுவிட்டது என்று கொள்ளலாமா? எங்கள் வகுப்பில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். (பள்ளி மாணவி)

பதில்: கொள்ளக் கூடாது. பூவின் பெண்ணுறுப்பின் நுனியான சூலகமுடியில் மகரந்தத்தூள் வந்து ஒட்டுவது மகரந்தச் சேர்க்கை. கருவுறுதல் நடைபெறும் இடமோ சூலகத்துக்குள், பின்னர் விதையாகும் சூலின் நடுவே, பூவின் மேற்பரப்பிலிருந்து வெகு ஆழத்தில் இருக்கிறது. இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கு மகரந்தத்தூள் தன்னிடமிருந்தே ஒரு குழலை வளர்க்கிறது. ஒரு பூவின் சூலகமுடியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த இத்தாலிய அறிவியலாளர் ஜொவான்னி பத்தீஸ்தா அமீச்சி, அதில் ஒட்டியிருந்த மகரந்தத்தூளிலிருந்து மெல்லிய குழல் ஒன்று நீள்வதைக் கண்டு 1824-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். அக்குழல் சூல்வரை செல்கிறது என்பதையும் பின்னர் அவரே எடுத்துக்காட்டினார்.

சூலகமுடியில் விழும் எல்லா மகரந்தமும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. காற்றும் பூச்சியும் எந்தெந்தச் செடியின் மகரந்தத்தையோ கொண்டுவந்து சேர்க்கின்றன. வேற்றினத்தின் மகரந்தம் பெரும்பாலும் முளைப்பதில்லை, முளைத்தாலும் வெகுதூரம் செல்வதில்லை. தன் இனத்தின் மகரந்தமே ஆனாலும், அது தன் சொந்தப் பூவினுடையது என்று கண்டறிந்தால் அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும் செடிகளும் பல உண்டு. பொருத்தமான மகரந்தம் மட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சூலகத்தண்டின் திசுவுக்குள் குழலை நீட்டுகிறது. இரண்டு ஆண் இனச்செல்கள் அக்குழலுக்குள் கொண்டுசெல்லப்படுகின்றன. பூக்கும் செடிகளில் அவற்றுக்குத் தாமாக நீந்திச் செல்லும் ஆற்றல் கிடையாது.

குழல் சூலை நெருங்கியபின் அதற்கு வழிகாட்டுவது சூலே. முட்டைச் செல்லை ஒட்டி இருக்கும் இரண்டு துணைச் செல்கள் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அவை எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தத் திசையை நோக்கிக் குழல் வளைந்து வளர்கிறது. டெட்சுயா ஹிகாஷியாமா தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டில் டொரீனியா என்ற செடியில் இப்புரதங்களை இனங்கண்டனர். பெரும்பாலான செடிகளில் முட்டைச் செல் சூலின் திசுக்களுக்குள் மறைந்திருக்கும். டொரீனியாவில் அது இருக்கும் பகுதி வெளியே துருத்திக்கொண்டு தெரிவதால், குழல் திரும்பி வருவதை அவர்களால் நேராகவே பார்க்க முடிந்தது. துணைச் செல் ஒன்றினுள் குழல் நுழைந்து வெடித்து, ஆண் செல்களை வெளியேற்றுகிறது. அவற்றுள் ஒன்று முட்டைச் செல்லுடன் இணைவதே கருவுறுதல். மகரந்தம் விழுந்ததிலிருந்து இந்த இணைவு வரை சில புல்வகைகளுக்கு ஓரிரு மணி நேரம் போதும். பைன் மரங்களுக்கோ ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது.

கேள்வி: வெள்ளை மக்காச்சோளம் மட்டுமே பயிரிட்டேன். அடுத்த வயலில் மஞ்சள் மக்காச்சோளம் இருந்தது. அறுவடையின்போது என் கதிர்களில் வெள்ளை மணிகளுக்கு இடையே மஞ்சள் மணிகளும் இருந்தன. விதை கலப்படமா? (விவசாயி)

பதில்: கலப்படமாக இருக்க வேண்டியதில்லை; அடுத்த வயலின் மகரந்தம் காற்றில் வந்திருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. கனியின் தோலும் சதையும் தாய்ச்செடியின் சூலகச் சுவரிலிருந்து உருவாகின்றன. அதனால் மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அவற்றின் நிறம் பொதுவாக மாறுவதில்லை. தந்தையின் பண்பு, அந்த விதையை முளைக்கவைத்து அடுத்த தலைமுறைச் செடியை வளர்த்தால்தான் வெளிப்படும். மக்காச்சோளத்தில் மட்டும் அதே பருவத்தில், அதே கதிரில், மணியின் நிறமே எப்படி மாறுகிறது?

இந்தப் புதிருக்கு 1898-ஆம் ஆண்டில் கீவ் நகரில் விடைக்கான வழி பிறந்தது. லில்லிக் குடும்பச் செடிகளின் சூல்களை ஆராய்ந்த செர்கேய் நவாஷின், மகரந்தக்குழல் கொண்டுவந்த இரண்டு ஆண் செல்களும் வீணாவதில்லை என்று கண்டார். ஒன்று முட்டைச் செல்லுடன் இணைந்து கருவாகிறது. மற்றொன்று அருகிலுள்ள பெரிய மையச் செல்லுடன் இணைகிறது. அச்செல்லில் தாயின் உட்கருக்கள் ஏற்கெனவே இரண்டு இருப்பதால், இணைவுக்குப் பின் தாயின் பங்கு இரண்டும் தந்தையின் பங்கு ஒன்றுமாக மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் சேர்கின்றன. இதிலிருந்து வளர்வதுதான் கருவுக்கு உணவளிக்கும் கருவூண் திசு. இதை இரட்டைக் கருவுறுதல் என்கிறோம். பிரான்சில் லியோன் கினார் 1899-ஆம் ஆண்டில் இதையே தனியாகக் கண்டு உறுதிப்படுத்தினார்.

மக்காச்சோள மணியின் பெரும்பகுதி இந்தக் கருவூண் திசுவே. மணியின் மேல்தோல் மெல்லியதாகவும் பெரும்பாலும் நிறமற்றதாகவும் இருப்பதால், உள்ளே இருக்கும் திசுவின் நிறம் வெளியே தெரிகிறது. வெண்மையை மறைத்து மஞ்சள் வெளிப்படும் தன்மை உடையது. ஆகவே மஞ்சள் வகையின் மகரந்தம் சேர்ந்த மணி மஞ்சளாகவும், உங்கள் வயலின் மகரந்தமே சேர்ந்த மணி வெள்ளையாகவும் நிற்கிறது. ஒரு கதிரின் ஒவ்வொரு மணிக்கும் தந்தை வேறாக இருக்கலாம் என்பது இதனால் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

வயலிலேயே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு சூலிலிருந்து புறப்படுகிறது. சில இழைகள் ஒரு சாணையும் தாண்டி நீளும். அந்த நீளம் முழுவதையும் மகரந்தக்குழல் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் வளர்ந்து கடக்கிறது. மகரந்தம் கொட்டி முடிந்த சில நாட்களில் ஓர் இளங்கதிரை எடுத்து, இழைகள் அறுந்துவிடாதபடி மேலுறைகளை மெதுவாக நீக்கி, கதிரை இலேசாக உதறுங்கள். கருவுற்ற சூல்களின் இழைகள் கழன்று விழுந்துவிடும்; கருவுறாதவற்றின் இழைகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். அறுவடையில் பொக்கையாக நிற்கப்போகும் இடங்களை அப்போதே அறிந்துகொள்ளலாம்.

இரட்டைக் கருவுறுதலைச் செடிகளின் ஏற்பாடுகளுள் மிகச் சிக்கனமான ஒன்றாக நான் மதிக்கிறேன். பறவை தன் முட்டைக்குரிய மஞ்சள் கருவை, அந்த முட்டை கருவுறுமா என்பது தெரிவதற்கு முன்னரே சேர்த்துவைத்துவிடுகிறது. பூக்கும் செடியோ கரு உண்டாகும்போதுதான் அதற்கான உணவுத் திசுவையும் வளர்க்கத் தொடங்குகிறது.

கேள்வி: சேவல் இல்லாமல் வளர்க்கப்படும் கோழி இடும் முட்டையை அடைவைத்தால் குஞ்சு பொரிக்குமா? (இல்லத்தரசி)

பதில்: பொரிக்காது. சேவலோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கோழி முட்டையிடும். கருவுறாத முட்டையில் குஞ்சு வளர்வதற்கான கரு இருக்காது. கருவுற்ற முட்டையா என்பதை உடைத்துப் பார்த்தே ஓரளவு அறியலாம். மஞ்சள் கருவின் மேல் ஒரு சிறு வெண்புள்ளி எல்லா முட்டைகளிலும் உண்டு. கருவுறாத முட்டையில் அது சிறியதாக, ஒழுங்கற்ற விளிம்புடன் அடர்ந்து காணப்படும். கருவுற்றதில் சற்று அகன்று வளையம்போல் தெரியும். முட்டை முழுமையாக உருவாவதற்கு ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. கருவுறுதல் அதன் தொடக்கத்திலேயே, வெள்ளைக் கருவும் ஓடும் உண்டாவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். அதனால் முட்டை வெளிவரும் நேரத்தில் அந்த வளையத்தில் ஏற்கெனவே பல்லாயிரம் செல்கள் இருக்கும். சேவலைப் பிரித்த மறுநாளே கருவுற்ற முட்டைகள் கிடைப்பது நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். கோழியின் கருமுட்டைக் குழாயில் உள்ள நுண்ணிய அறைகளில் விந்தணுக்கள் இரண்டு வாரங்களுக்கு மேலும் உயிரோடு தங்கியிருக்கும்.

கேள்வி: லட்சக்கணக்கான விந்தணுக்கள் போட்டியிட்டு ஓடுகின்றன, முதலில் வருவது வெல்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இது சரியான விளக்கமா? (உயிரியல் ஆசிரியை)

பதில்: கருமுட்டை எதுவும் செய்யாமல் காத்திருக்கிறது என்ற எண்ணத்தை இந்த விளக்கம் மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறது. அதை மாற்றிக்கொள்ளும்படி உங்களை அன்போடு வேண்டுகிறேன். உண்மையில் நடப்பதைச் சொன்னாலே மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். மனித விந்தணு பெண்ணுடலுக்குள் நுழைந்தவுடன் கருவுறச் செய்யும் தகுதியைப் பெற்றுவிடுவதில்லை. கருப்பையிலும் கருமுட்டைக் குழாயிலும் சில மணி நேரம் தங்கி, அங்குள்ள நீர்மங்களால் அதன் மேற்பரப்பு மாற்றமடைந்த பின்னரே அத்தகுதி வருகிறது. இதை 1951-ஆம் ஆண்டில் மின் சுவே சாங், காலின் ஆஸ்டின் ஆகிய இருவரும் விலங்குகளில் தனித்தனியே கண்டறிந்தனர். ஆகவே முந்தி வந்து சேரும் விந்தணுவால் பயனில்லை. கோடிக்கணக்கில் புறப்பட்டவற்றுள் சில நூறு மட்டுமே கருமுட்டையின் அருகே வந்து சேர்கின்றன. விந்தணு சுமார் 5 நாட்கள்வரை உயிரோடிருக்கக்கூடும். கருமுட்டைக்கோ சூலகத்திலிருந்து வெளிவந்தபின் ஒரு நாள் அளவே ஆயுள். எனவே பல வேளைகளில் காத்திருப்பது விந்தணுதான்.

அடுத்து, நுழைதல். இதை முதலில் தெளிவாகக் காட்டித் தந்தது கடல்முள்ளெலி என்ற கடல்வாழ் உயிரினம். அது தன் முட்டைகளையும் விந்தணுக்களையும் கடல்நீரிலேயே வெளியிடுகிறது. முட்டை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இரண்டையும் ஒரு துளி கடல்நீரில் கலந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் எல்லாவற்றையும் காணலாம். முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்றையொன்று நெருங்கி இணைவதை ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கர் ஹெர்ட்விக் இப்படித்தான் கண்டு 1876-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று விந்தணுவிலிருந்து வந்தது என்று அவர் விளக்கினார். விந்தணு முட்டைக்குள் நுழையும் காட்சியை நட்சத்திர மீனின் முட்டையில் ஹெர்மன் ஃபோல் அதன்பின் விவரித்தார்.

விந்தணு ஒன்று கடல்முள்ளெலியின் முட்டையோடு இணைந்ததும், ஓரிரு நொடிகளுக்குள் முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது; அந்நிலையில் வேறு விந்தணு இணைய முடியாது. இந்தத் தடை சற்று நேரமே நிற்கும். அதற்குள் முட்டையின் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்த நுண்பைகள் உடைந்து, தம் பொருள்களை வெளியே கொட்டுகின்றன. முட்டையைச் சுற்றியிருந்த மெல்லிய உறை மேலெழும்பிக் கெட்டிப்படுகிறது. விந்தணு நுழைந்த இடத்தில் தொடங்கி முட்டையைச் சுற்றி உறை உயர்வதை ஒரு நிமிடத்துக்குள் கண்ணாரக் காணலாம். இத்தனை கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இரண்டு விந்தணுக்கள் உட்புகுந்தால் குரோமோசோம் தொகுதி கூடிவிடும். செல் பகுப்பு குழம்பிக் கரு அழிந்துவிடும். இந்த விதி எல்லா விலங்குகளுக்கும் பொருந்தாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். பறவை முட்டையில் இயல்பாகவே பல விந்தணுக்கள் நுழைகின்றன. அவற்றுள் ஒன்றின் உட்கரு மட்டுமே முட்டையின் உட்கருவுடன் சேர, மற்றவை சிதைந்துவிடுகின்றன.

மனிதக் கருமுட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். அதைச் சுற்றி ஒரு புரத உறையும், அதற்கு வெளியே செல்களின் திரளும் இருக்கின்றன. விந்தணு இவற்றைக் கடந்து வந்தபின், அதன் தலைப்பகுதியில் உள்ள இசுமோ என்ற புரதம், கருமுட்டையின் மேற்பரப்பில் உள்ள ஜூனோ என்ற புரதத்தோடு பொருந்தியாக வேண்டும். முதலாவது 2005-ஆம் ஆண்டில் ஜப்பானிலும், இரண்டாவது 2014-ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் கண்டறியப்பட்டன. இணைவு முடிந்த சிறிது நேரத்துக்குள் கருமுட்டை தன் ஜூனோவை மேற்பரப்பிலிருந்து உதிர்த்துவிடுகிறது, புறவுறையும் இறுகிவிடுகிறது. தேடிச் செல்வதும் ஏற்பதும் மறுப்பதும் இருபுறமும் நடக்கின்றன என்று உங்கள் பாடத்தை அமைத்தால், அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

கேள்வி: விந்தணு உள்ளே நுழைந்த அந்த நொடியிலேயே புதிய உயிர் தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: கருமுட்டையும் விந்தணுவும் முன்பே உயிருள்ள செல்கள்தாம்; உயிரற்ற ஒன்றிலிருந்து உயிர் தோன்றுவதில்லை. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக, இதற்கு முன் எங்கும் இல்லாத ஒரு மரபுத் தொகுப்பு ஒரே செல்லுக்குள் அமைவதே புதிது. இருவரும் சம எண்ணிக்கையில் குரோமோசோம்களைத் தருகின்றனர் என்பதை எத்வார் வான் பெனேடென் 1883-ஆம் ஆண்டில் குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகளில் காட்டினார். மனிதரில் அந்த எண்ணிக்கை 23-உம் 23-உம் சேர்ந்து 46.

இது ஒரு நொடியில் முடிவதில்லை. கருமுட்டையின் வரலாறு வியப்பூட்டுவது. தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே அவளுடைய கருமுட்டைகள் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பருவமடைந்தபின் மாதந்தோறும் பெரும்பாலும் ஒன்று பகுப்பைத் தொடர்ந்து, மீண்டும் ஒரு கட்டத்தில் நின்றுகொள்கிறது. விந்தணு நுழைந்த பிறகே இரண்டாம் பகுப்பு நிறைவுபெறுகிறது. விந்தணு கொண்டுவரும் ஒரு நொதி, கருமுட்டைக்குள் கால்சியத்தின் அளவை அலையலையாகப் பல மணி நேரம் ஏற்றி இறக்குவதே அதை உறக்கத்திலிருந்து எழுப்பும் செயல். அதன்பின் தாயின் குரோமோசோம்கள் ஓர் உட்கருவிலும் தந்தையின் குரோமோசோம்கள் மற்றோர் உட்கருவிலும் தனித்தனியே இருக்கின்றன. கடல்முள்ளெலியில் நிகழ்வதுபோல் அவை ஒரே உட்கருவாக இணைவதில்லை. இரண்டின் சவ்வுகளும் கரைய, குரோமோசோம்கள் முதல் செல் பகுப்பின்போதுதான் பக்கம் பக்கமாக வந்து சேர்கின்றன. கருமுட்டை இரண்டு செல்களாவதற்கு ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகிறது.

அப்போதும் புதிய மரபுத் தொகுப்பு பெரும்பாலும் பேசாமலேயே இருக்கிறது. முதல் இரண்டு நாட்களின் வேலைகளை, தாய் கருமுட்டையில் முன்கூட்டியே சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ.வும் புரதங்களும் நடத்துகின்றன. நான்கு முதல் எட்டு செல்கள் உள்ள நிலையில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் செயல்படத் தொடங்குகின்றன. ஏறத்தாழ ஆறு அல்லது ஏழாம் நாளில் கரு கருப்பைச் சுவரில் பதிய ஆரம்பிக்கிறது. இவற்றுள் எந்தக் கட்டத்தைத் தொடக்கமாகக் கொள்வது என்பதில் சட்டமும் சமயங்களும் வெவ்வேறு முடிவுகளைக் கொண்டிருக்கின்றன. கட்டங்களின் வரிசையை உயிரியல் தெளிவாகக் காட்டுகிறது. முதல் நொடி ஒன்றை அதிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுப்பது அதன் வேலையன்று என்பது என் கருத்து.

கேள்வி: கருவுறாமலேயே குட்டியோ விதையோ உண்டாகும் உயிர்கள் உள்ளனவா? (வாசகர்)

பதில்: உள்ளன. தேனீக்களில் ராணி இடும் கருவுறாத முட்டையிலிருந்து 16 குரோமோசோம்கள் கொண்ட ஆண் தேனீயும், கருவுற்ற முட்டையிலிருந்து 32 குரோமோசோம்கள் கொண்ட பெண் தேனீயும் பிறக்கின்றன. அசுவினிகள் சாதகமான பருவத்தில் ஆணின்றியே தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. சில பல்லி இனங்களில் ஆண்களே கிடையாது. சீமைக் காட்டுமுள்ளங்கி எனப்படும் டேண்டிலியன் செடியின் பல வகைகள் கருவுறாமலேயே முளைக்கும் விதையைத் தருகின்றன. பாலூட்டிகளில் மட்டும் இது இயற்கையில் நிகழ்வதில்லை. சில மரபணுக்கள் தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே செயல்படும்படியும், வேறு சில தாயிடமிருந்து வந்தால் மட்டுமே செயல்படும்படியும் முத்திரையிடப்பட்டிருப்பதால், இரண்டும் சேராமல் கரு முழுமையாக வளர முடியாது. எலிகளில் 1984-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதை நிலைநாட்டின.

கேள்வி: விலங்குகளின் விந்தணு நீந்துகிறது, செடிகளின் ஆண் செல்லுக்கு அந்த ஆற்றல் ஏன் இல்லாமல் போயிற்று? (கல்லூரி மாணவி)

பதில்: எல்லாச் செடிகளும் அதை இழந்துவிடவில்லை. பாசிகளின் வழிவந்த பழைய தாவரங்கள் நீரையே நம்பியிருந்தன. மாஸ் தாவரங்களிலும் பெரணிகளிலும் இன்றும் ஆண் செல்கள் சாட்டைபோன்ற கசையிழைகளால் நீந்தித்தான் முட்டையை அடைகின்றன. மழைத்துளியோ பனிநீரோ படர்ந்த மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிட்டால் அவற்றால் கருவுற இயலாது. அதனால்தான் அவை ஈரமான இடங்களில் செழிக்கின்றன. மகரந்தக்குழல் தோன்றிய பிறகு, ஆண் செல்லைச் சூலின் வாயில்வரை கொண்டுசேர்க்க வெளிநீர் தேவைப்படவில்லை. வறண்ட நிலத்திலும் விதைத் தாவரங்கள் பரவ முடிந்தது.

இந்த மாற்றத்தின் நடுப்படியில் நிற்கும் தாவரங்களும் இருக்கின்றன. ஜப்பானில் சகுகோரோ ஹிராசே 1896-ஆம் ஆண்டில், கிங்கோ மரத்தின் சூலுக்குள் ஆண் செல் நீந்துவதைக் கண்டார். அதே ஆண்டில் செயிச்சிரோ இக்கெனோ சைகஸ் மரத்திலும் அதைக் கண்டார். இம்மரங்களில் மகரந்தம் காற்றில் வருகிறது, குழலும் வளர்கிறது. ஆனால் அக்குழல் பெரும்பாலும் சூலின் திசுவிலிருந்து உணவை உறிஞ்சுவதற்கே பயன்படுகிறது. மாதங்கள் கழித்து அது வெடிக்கும்போது வெளிப்படும் ஆண் செல்கள், சூலுக்குள் தேங்கிய ஒரு துளி நீர்மத்தில் நீந்தி முட்டைச் செல்லை அடைகின்றன. சைகஸ் குடும்பத்தின் ஆண் செல் ஆயிரக்கணக்கான கசையிழைகளைக் கொண்டது. வெறுங்கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரியது.